ஆர்மோனியமும் கணக்கு நோட்டும்

வாசகர் கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிறு நகரச் சபையில் மூன்று வருடமாகப் போதகராக இருக்கிறேன். வயது 37. கொரோனாவுக்கு முன் 140 குடும்பங்கள் இருந்த சபை இது. இப்போது பதிவேட்டில் 110, ஞாயிறு ஆராதனைக்கு வருவது அறுபது. சில குடும்பங்கள் ஓசூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். வாலிபர்களில் பாதிப் பேருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வருகிற மீதிப் பேர் கிட்டார், கீபோர்டு, திரையில் பாட்டு என்று கேட்கிறார்கள். ஆர்மோனியமும் கீர்த்தனையும் போனால் நாங்களும் போகிறோம் என்கிறார்கள் பெரியவர்கள். போன மாதக் கமிட்டியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற அளவுக்கு ஆகிவிட்டது. இதற்கு நடுவில், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஜார்கண்ட் பெண்கள் ஐந்தாறு பேர் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். தமிழ் தெரியாது. "இனி இவர்களுக்காக இந்தியில் பாடச் சொல்வீர்களோ?" என்று ஒரு மூப்பர் என் முகத்துக்கு நேரே கேட்டார். இந்தச் சபையை எப்படி மாற்றத்துக்குள் நடத்துவது?

இன்னொன்று. முன்னாள் பொருளாளர் 2021 மே மாதம் கட்டட நிதியிலிருந்து ரூ.3,40,000 எடுத்து மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கட்டியிருக்கிறார். அந்த அம்மா பிழைக்கவில்லை. இதுவரை 90,000 திருப்பிக் கட்டிவிட்டாராம். ஐந்து மாதத்துக்கு முன் என்னிடம் தனியாகச் சொன்னார். சபையில் சிலருக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. சரியாகத் தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 29 வருடம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நீங்கள் நிற்கிற இடம் எனக்குத் தெரியும். இப்போது போதகர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஆற்றுப்படுத்துதல் செய்கிறேன். மனதை அரிக்கிற விஷயத்தை மனிதர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், பேசி முடித்து வாசலில் செருப்பு மாட்டும்போது. உங்கள் கடிதத்திலும் "இன்னொன்று" என்று ஆரம்பிக்கிற பத்திதான் முதலில் வந்திருக்க வேண்டியது. அதிலிருந்தே தொடங்குகிறேன். கிட்டார், ஷிப்ட் எல்லாம் அப்புறம்.

அந்த ஐயா உங்களிடம் பேசியது பாவ அறிக்கையாகவா, அல்லது "போதகருக்குத் தெரிந்திருக்கட்டும்" என்ற அளவிலா? இதை நீங்கள் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உடைந்து அழுது, மன்னிப்புக் கேட்டு, நீங்கள் கைவைத்து ஜெபித்து முடித்திருந்தால் அது உங்கள் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. கமிட்டியிடமும் கூடாது, மனைவியிடமும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நாளைக்கு இன்னொருவர் தன் பாரத்தை இறக்கி வைக்க உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமானால், இன்றைக்கு உங்கள் வாய் மூடியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் வாய் மூடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் ஐந்து மாதமாகக் கவனிக்காமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். தேவனிடத்தில் மன்னிப்பு உண்டு என்று நீங்கள் அவருக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பணத்தை மட்டும் உங்களால் மன்னிக்க முடியாது. அது உங்கள் பணம் இல்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் கூலிக்குப் போன பெண்கள் காணிக்கை உறையில் போட்ட ஐம்பதும் நூறும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டட நிதி. அவர்களுக்குத் தெரியாமல் நீங்களும் அவரும் இரண்டு பேராக அதைச் சுமந்துகொண்டிருப்பது மன்னிப்பு ஆகாது. அது ரகசியம், அவ்வளவுதான். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ரகசியம்.

அதனால் அவரிடம் போங்கள். அவரே வந்து கமிட்டியில் சொல்ல வேண்டும், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். மூன்று வாரத்துக்குள் ஒரு தேதி குறியுங்கள். தேதி இல்லாமல் "பார்க்கலாம்" என்று விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிடும். எடுத்த எடுப்பில் முழுக் கமிட்டி வேண்டாம். இப்போதைய பொருளாளர், செயலாளர், அவர் மதிக்கிற ஒரு மூப்பர், இந்த மூன்று பேர் முன்னால் அவர் முதலில் பேசட்டும். கையில் ஒரு தாள் இருக்கட்டும். எவ்வளவு எடுத்தது, எந்தத் தேதியில், எவ்வளவு கட்டியது, மீதி 2,50,000 எப்படிக் கட்டுவது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மாதம் 5,000 என்றால்கூட 50 மாதம் ஆகும். பரவாயில்லை. ஐம்பது மாதம் ஒருவர் தவறாமல் கட்டுவதைச் சபை கண்ணால் பார்ப்பது நல்ல விஷயம்தான்.

சட்டத்தின் கண்ணில் இது நம்பிக்கை மோசடி. 2021-ல் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406-ஆம் பிரிவில் வரக்கூடியது. ஆகவே கமிட்டிக்கு வருவதற்கு முன் அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது அவருக்கு நல்லது. "போலீசுக்கெல்லாம் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. கமிட்டியில் பேசிய பிறகு உங்கள் தலைமைப் போதகருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அவர் வர மறுத்தால்? தணிக்கை. 2019 முதல் இன்றுவரை எல்லா நிதிக்கும், வெளியூர் ஆடிட்டர் ஒருவரைக் கொண்டு. யார் பெயரையும் குறிவைக்க வேண்டாம். சந்தேகம் ஏற்கெனவே சபையில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தணிக்கை கேட்க அதுவே போதும், அவர் சொன்னதை நீங்கள் தொடவே வேண்டியதில்லை. இப்படி ஒரு தணிக்கை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து தள்ளிவிட்டதாக அவர் நினைக்கக் கூடாது.

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் வசூலித்தபோது தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்புகிறேன், இந்தப் பணத்தில் யாரும் எங்களைக் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். பவுலுக்கே கூட ஆள் வேண்டியிருந்தது. ஒரே ஆளிடம் செக் புத்தகமும் பெட்டிச் சாவியும் இருந்ததால்தான் உங்கள் ஐயாவும் விழுந்தார். இனி இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது. ஆராதனை முடிந்த கையோடு காணிக்கையை இரண்டு வேறு வீட்டுக்காரர்கள் எண்ணி எழுத வேண்டும். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். திருடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிற நல்லவரைத் தனியாகப் பணத்தோடு விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரிக்கு 2020 எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது தமிழ்நாட்டில் பச்சையாக இருந்தது கிருஷ்ணகிரி மட்டும்தான். நமக்கு வராது என்ற தைரியம் இருந்தது. அடுத்த வருடம் மே மாதம் எல்லாம் மாறிப்போனது. 10-ஆம் தேதி முழு ஊரடங்கு. ஆக்சிஜன் படுக்கைக்கு ஓசூர், சேலம், பெங்களூர் என்று அலைச்சல். அடக்கத்துக்கு 20 பேர்தான். பல இடத்தில் பெட்டியைத் திறக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை, மூன்றாம் நாள் ஜெபம்கூட வீட்டுக்குள் நாலு பேரோடு முடிந்தது. நம்மூரில் அடக்கம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முற்றம் நிறைய ஆட்கள், ஆர்மோனியம், இரவெல்லாம் கீர்த்தனை, கல்லறைத் தோட்டம் வரை பாடிக்கொண்டே நடப்பது. அது எதுவும் இல்லாமல் மண்ணுக்குப் போனவர்கள் உங்கள் சபையில் எத்தனை பேர்? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. அப்போது நீங்கள் அங்கே இல்லை, அதனால் தெரியாமலே இருக்கலாம். பதிவேட்டில் குறைந்த முப்பது குடும்பங்களும் ஓசூருக்குப் போனவர்கள்தானா என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊருக்குப் பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1895-ல் கிருஷ்ணகிரிக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கிய லுத்தரன் மிஷனரி தியோடோர் நேதர், 1904-ல் இதே ஊரில் பிளேக் வந்து இறந்தார். கொள்ளைநோயில் போதகர் ஜனங்களோடு இருப்பார் என்பது இந்தப் பக்கத்துச் சபைகளின் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 2021-ல் எந்தப் போதகரும் அப்படி இருக்க முடியவில்லை. யாருடைய தப்பும் இல்லை. ஆனால் காயம் காயம்தான்.

அந்தப் பெரியவர்கள் ஆர்மோனியத்தை ஏன் இத்தனை இறுகப் பிடித்திருக்கிறார்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கேட்காமலே ஒரு பெரிய இழப்பு அவர்கள் மேல் விழுந்தது. அழுது தீர்க்க இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருக்கிறது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதையும் ஒருவர் வந்து ஓரமாக வைக்கலாமா என்று கேட்டால் நாற்காலி தள்ளப்படத்தான் செய்யும். நான் பார்த்தவரைக்கும் சபைகள் மாற்றத்துக்கு அவ்வளவு பயப்படுவதில்லை. தங்களைக் கேட்காமல் ஒன்றை இழந்த பிறகு, கேட்காமலே இன்னொன்றையும் இழப்பதற்குத்தான் பயப்படுகின்றன.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளை எஸ்றா மூன்றாம் அதிகாரத்தில் படியுங்கள். முதல் ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். இளையவர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டு சத்தமும் வெகுதூரம் கேட்டது. அந்த இடத்தில் யாரும் கிழவர்களைப் பார்த்து அழாதீர்கள் என்று சொல்லவில்லை. இளையவர்களையும் அடக்கவில்லை. எத்தனையோ முறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குக் குரல் உடையும்.

அதனால் கிட்டாரைப் பற்றிய முடிவை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். வாலிபர்களிடம் காரணத்தோடு சொல்லிவிட்டுத் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு நினைவு ஆராதனை நடத்துங்கள். 2020, 2021-ல் இறந்த ஒவ்வொருவருடைய பெயரையும் அந்தந்த வீட்டார் முன்னால் வந்து வாசிக்கட்டும். பெயருக்கு ஒரு மணி அடியுங்கள். அவர்களுக்குப் பிடித்த கீர்த்தனை என்னவென்று வீட்டாரைக் கேட்டு, அன்றைக்கு நடந்திருக்க வேண்டிய மாதிரி ஆர்மோனியத்தோடு, அவசரமில்லாமல் பாடுங்கள். மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். முடிந்தால் கல்லறைத் தோட்டம் வரை நடந்து போய் வாருங்கள். பெயர்களைத் தொகுக்கிற வேலையையும், வீடு வீடாகப் போய்ப் போட்டோ வாங்கித் திரையில் போடுகிற வேலையையும் வாலிபர்களிடம் கொடுங்கள். சபையில் திரை முதல் முறையாக விரியும்போது அதில் இறந்துபோன தாத்தா பாட்டிகளின் முகம் தெரிந்தால், அந்தத் திரையை எந்தப் பெரியவரும் வெறுக்க மாட்டார். உத்தி என்று நினைத்து இதைச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையான துக்கத்தோடு செய்யுங்கள்.

கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதுசுதான். 1706-ல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய பிறகு சபை பாடியது ஜெர்மன் ராகத்தில் மொழிபெயர்ப்புப் பாட்டுகளை. நாம் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பிறந்ததே 1774-ல். ஆர்மோனியம் 1840-களில் பாரிசில் உருவான வாத்தியம். இதெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. ஆனால் கமிட்டியில் இதை எடுத்து விடாதீர்கள். துக்கத்தில் இருப்பவரிடம் சரித்திரம் பேசினால் வாயடைக்கலாம், மனசு திரும்பாது. வாலிபர்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பில் சொல்லிக் கொடுங்கள், அங்கே பயன்படும். அந்த ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவரிடம் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கீர்த்தனையின் தாளத்தைக் கற்கச் சொல்லுங்கள். கிட்டார் வாசிக்கிற பையனுக்கு அந்தத் தாளம் பிடிபட்டால் அவனே அதை விட மாட்டான்.

கேட்காமல் மாற்றியதில் நான் பட்டது ஒன்று உண்டு. தருமபுரிப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர்ச் சபை. ஆராதனை பத்து மணிக்கு. வேலைக்குப் போகிற சில குடும்பங்கள் சீக்கிரம் வைத்தால் நல்லது என்றார்கள். நானும் கமிட்டியில் பத்து நிமிடம் பேசி எட்டு மணி என்று அறிவித்துவிட்டேன். இரண்டே வாரத்தில் பெண்கள் பக்கம் பாதி காலி. விசுவாசம் தணிந்துவிட்டது என்று நினைத்து ஆவிக்குரிய உற்சாகத்தைப் பற்றி நாலு வாரம் பிரசங்கித்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா தலைநிமிராமல் சொன்னார்: "ஐயா, எங்க தெருவுக்குத் தண்ணி விடுறதே ஏழரைக்கு மேல. ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாயித்துக்கிழம வந்துச்சுன்னா விட்டுட்டு வர முடியுமா?" தருமபுரியில் ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டவர்களை எனக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய காலம். நல்ல தண்ணீர் ஒரு குடத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்திருந்தும் நான் கேட்கவில்லை. அந்த நாலு பிரசங்கத்துக்காக அவர்களிடம் ஆராதனையிலேயே மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

ஆகவே ஷிப்ட் பிள்ளைகள் விஷயத்திலும் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏ ஷிப்டா, பி ஷிப்டா, வார விடுமுறை எந்தக் கிழமை, கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அதிகம் என்றால் ஞாயிறு மாலை ஆறரைக்கு ஒரு சின்ன ஆராதனை, மூன்று மாதத்துக்குச் சோதனையாக வையுங்கள். காலை ஆராதனையைத் தொடாதீர்கள். மாலையில் அவர்கள் பாட்டை அவர்கள் பாடட்டும். திருவிருந்து மட்டும் இரண்டு கூட்டமும் சேர்ந்தே நடக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சபை ஆகிவிடும்.

அந்த ஜார்கண்ட் பெண்களைப் பற்றி நிறையச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மூப்பர் கேட்ட கேள்விக்கு முதல் பதில், அவர்கள் வீட்டு மொழி இந்தியாக இருக்காது என்பதே. பழங்குடிப் பிள்ளைகளாக இருந்தால் முண்டாரியோ சாத்ரியோ குடுக் மொழியோ பேசுவார்கள். குடுக் நம்முடைய திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. "நீ" என்பதற்கு அவர்கள் "நீன்" என்பார்கள். ஓசூர்ப் பக்கத்தில் கன்னடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவா இருக்கும்? வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோவிலில் தமிழ் என்று மூன்று மொழியில் வாழ்கிற மாவட்டம் இது. அந்த மூப்பர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று மரியாதையாக விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். நாம் உதவி செய்து கிறிஸ்தவம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் அல்ல அவர்கள். ராஞ்சிக்கு 1845-லேயே ஜெர்மன் மிஷனரிகள் போனார்கள். கிருஷ்ணகிரிக்கு நேதர் வருவதற்கு ஐம்பது வருடம் முன்பு. அங்கே உருவான கோஸ்னர் லுத்தரன் திருச்சபை 1919-ல் தன்னாட்சி பெற்றது, நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்த அதே வருடம். அந்தப் பெண்கள் எந்தச் சபைப் பிரிவாக இருந்தாலும், நாலைந்து தலைமுறை விசுவாசத்தோடு நம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். போய்க் கேட்டால்தான் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, பஸ் பிடித்து, ஒரு வார்த்தை புரியாத ஆராதனையில் வந்து உட்காருகிறார்களே, உங்கள் அறுபது குடும்பத்தில் இத்தனை பாடுபட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்?

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் உங்கள் சபைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைக்கப்பட்டது. மொழித் தகராறும் பணத் தகராறும் ஒரே நாளில் வந்தன. அப்போஸ்தலர்கள் சபை முழுவதையும் கூப்பிட்டுப் பேசினார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை வைக்கப்பட்ட பக்கத்து ஆட்களிடமே பங்கீட்டைக் கொடுத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அந்தப் பெண்களில் ஒருத்தியை அடுத்த ஞாயிறு சுவிசேஷப் பகுதியை அவள் மொழியில் வாசிக்கச் சொல்லுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், யாருக்கும் எதுவும் குறையாது. ஆராதனை முடிந்து ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு மதியம் ஒரு வீட்டுச் சோறு என்பது பெரிய விஷயம். அந்தக் கேள்வி கேட்ட மூப்பர் வீட்டிலேயே முதல் சாப்பாடு என்றால் ரொம்ப நல்லது. அவர் மனைவியைக் கேளுங்கள், அந்த அம்மா ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓசூருக்குப் போன குடும்பங்களைத் திரும்பக் கூட்டிவரப் போகாதீர்கள். பார்க்கப் போங்கள். ஒரு காபி குடித்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்து, ஜெபித்துவிட்டு வாருங்கள். ஏன் போனீர்கள் என்று கேட்க வேண்டாம், இரண்டாம் தடவை போகும்போது அவர்களே சொல்வார்கள். பணக் கணக்கில் நம்பிக்கை போனதால்தான் விலகினோம் என்று ஒரு வீட்டிலாவது கேட்பீர்கள். கணக்கை முதலில் சரி செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம்.

உங்கள் உடம்பு. ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது விசுவாசக் குறைவு இல்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவன் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, அடை சுட்டுக் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார். பேச்செல்லாம் பிறகுதான். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. ஞாயிறு முடிந்த திங்கட்கிழமையை வீட்டுக்குக் கொடுங்கள். பொருளாளர் விஷயத்தை மனைவியிடம் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் "எனக்குள் ஒரு பாரம் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அதனால்தான் இப்படி இருக்கிறேன்" என்று சொல்லலாமே. ஐந்து மாதமாக அவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்து என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பொருளாளரைப் பார்க்க எப்போது போவது என்று யோசிக்காதீர்கள். இந்த வாரமே போங்கள். சபை ஆபீசுக்கு அவரைக் கூப்பிட வேண்டாம், அவர் வீட்டுக்கு, சாயங்காலமாக. கணக்கு நோட்டைக் கையில் எடுத்துப் போக வேண்டாம். அந்த அம்மாவின் போட்டோ சுவரில் மாட்டியிருக்கும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், கடைசியாக என்ன பேசினார்கள், அடக்கத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். 2021-லிருந்து யாரும் அவரை இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். நினைவு ஆராதனையில் எந்தக் கீர்த்தனை பாடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தேதியைப் பற்றிப் பேசுங்கள்.